பின்னால் வரும் வண்டி

"டீச்சர், அந்த வண்டி இன்னும் என் பின்னாடியே வருதுங்க."

பூங்கொடி டீச்சர் குளத்துக்கரையில் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எந்த வண்டிங்கண்ணா?"

"கடைசி வண்டிங்க."

டீச்சர் நிமிர்ந்தார்.

சொன்னவர் திருமூர்த்தி. ஐம்பதை நெருங்குகிற வயது. பம்ப் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் மேனேஜர். டீச்சருக்கு அவரைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவர். இப்போது விடியற்காலையில் தொப்பை விழுந்த பெரிய மனிதர்களுக்கு ஓடக் கற்றுக்கொடுக்கிறார். அவர்கள் அவரை டீச்சர் என்கிறார்கள். அவர் அவர்களை அண்ணா, அக்கா என்கிறார். சொன்னபடி ஓடாதவர்களுக்கு மட்டும் அந்த மரியாதை கொஞ்சம் குறையும்.

மாரத்தானில் எல்லோருக்கும் பின்னால் ஒரு வண்டி வரும். ரோட்டை மறுபடியும் பஸ்ஸுக்கும் லாரிக்கும் திறந்துவிட ஒரு நேரம் வைத்திருப்பார்கள். அதற்குள் ஓடி முடிக்க முடியாதவர்களை அந்த வண்டி ஏற்றிக்கொள்ளும்.

ஓடுகிறவர்கள் பேச்சில் அதற்கு 'அள்ளிட்டாங்க' என்று பெயர். "அவரை எங்கே காணோம்?" "பாலத்துக்கிட்டயே அள்ளிட்டாங்க." குப்பையைச் சொல்கிற மாதிரிதான் சொல்வார்கள்.

போன மார்கழியில் திருமூர்த்தி தன் முதல் மாரத்தானை ஓடினார்.

பாதி தூரம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் வெயில் ஏறியது. கால் கல்லாகிவிட்டது. முக்கால்வாசி தூரம் தாண்டியபோது பின்னால் டீசல் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார்.

வண்டி.

அதற்கப்புறம் அவரை ஓட வைத்தது பயம்தான். கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்தார். வண்டியின் முன்கண்ணாடியில் வெயில் அடித்தது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. வண்டி மட்டும் வந்துகொண்டே இருந்தது.

அது முதுகை ஒட்டி வந்து நிற்க, அவர் எல்லைக்கோட்டைத் தாண்டினார். கழுத்தில் மெடல் போட்டார்கள். வீட்டில் டி.வி.க்கு மேலே ஆணி அடித்து மாட்டினார். சொந்தக்காரர்கள் வந்து தொட்டுப் பார்த்தார்கள். மச்சான் ஒருவர் மட்டும் தங்கமா என்று கேட்டார்.

"ஓடி முடிச்சாச்சு, மெடலும் வாங்கியாச்சு. இன்னும் என்னங்கண்ணா?"

"முடிச்சா வண்டி போயிரும்னு நெனச்சேனுங்க. போகலீங்க. வீட்டுக்கே வந்துருச்சு."

"ம்."

"ஆபீஸ்ல உக்காந்திருக்கேன், முதுகுக்குப் பின்னால வந்து நிக்குது. புதுசா சேந்த பசங்க சிரிச்சுப் பேசினா, என்னையத்தான் அள்ளப் போறாங்கன்னு தோணுது. நின்னுக்கிட்டே சாப்பிடறேன். சிக்னல்ல பச்சை விழறதுக்கு முந்தியே ஹாரன் அடிக்கறேன். கண்ண மூடினா டீசல் சத்தம். எந்திரிச்சு ஜன்னல் வழியா பாத்தா தெரு காலியாக் கெடக்குது."

"டாக்டரப் பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க. ஈ.சி.ஜி. எடுத்தாரு. நெஞ்சு குதிரையாட்டம் இருக்குதுன்னாரு. குதிரைக்குப் பின்னாடி வண்டிதானுங்களே இருக்கும்?"

டீச்சர் சிரிக்கவில்லை.

"வண்டி அள்ளிட்டா என்ன ஆகும்?"

"முடிஞ்சுதுங்க."

"என்ன முடிஞ்சுது?"

திருமூர்த்தி யோசித்தார். குளத்தில் ஒரு கொக்கு எழும்பிப் போனது.

"தெரியலீங்க. தெரியாததுனாலதான் இத்தனை பயமா இருக்குது."

டீச்சர் கரையிலிருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். அவரையும் உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. நிம்மதியாக உட்கார்ந்து வெகுநாள் ஆகிவிட்டது.

"வீட்டுல என்ன சொல்றாங்க?"

"என்னத்தச் சொல்றதுங்க. நான் ஒருத்தன் ஓடி என்ன பிரயோஜனம்? வீடே ஆமையாட்டம் நகருது. எம் புள்ள அபிநிதி அஞ்சாவது படிக்கறா. ஒரு தோசை திங்க அவளுக்கு ஒரு யுகம் ஆகுது. நான் பின்னால போய் நின்னாத்தான் வாய்க்குள்ளயே போகும். ஸ்கூலு பக்கந்தான், நடந்துதான் கூட்டிட்டுப் போறேன். அதையும் என்னோட ஓட்ட வாட்ச்சுல ஏத்தி வெச்சிருக்கேனுங்க. நேத்தைக்கு இன்னைக்கு வேகம் கொறஞ்சுதுன்னா அப்பவே சொல்லிருவேன்."

"புள்ள நடக்கற வேகத்தையா?"

"இப்பவே பழக்கினாத்தானுங்களே? பின்னாடி அவளைய அள்ளிட்டாங்கன்னா?"



திருமூர்த்தியின் குரல் இறங்கியது.

"ஆனா இப்ப ஒரு புதுப் பயம் வந்திருக்குதுங்க. அவ ரோட்டுல நேரா பாத்து நடக்கவே மாட்டேங்கறா. திரும்பித் திரும்பிப் பாக்கறா. மெயின் ரோடுங்க அது, பஸ்ஸு லாரியெல்லாம் போற ரோடு. வெள்ளிக்கிழமை அப்படித் திரும்பினவ கால் தடுக்கி ரோட்டுப் பக்கமா விழுந்துட்டா. டவுன் பஸ் ஒண்ணு…"

அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. கையை மட்டும் காட்டினார். ஒரு சாண் அளவு.

"புத்தகப் பை மேல டயர் ஏறிருச்சுங்க. புள்ளைக்கு ஒண்ணுமில்ல. முட்டியில சிராய்ப்புதான். நேரா பாத்து நடன்னு எத்தனைவாட்டி சொல்றதுன்னு அங்கயே வெச்சு அடிச்சுட்டேன். அழக்கூட இல்ல. வீட்டுக்கு வந்து நான்தான் பாத்ரூமுக்குள்ள போய் அழுதேன்."



"அவ விழுந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"அவ பின்னாடியேதானுங்க இருந்தேன். தள்ளியெல்லாம் இல்ல, பின்னாடியேதான்."

டீச்சர் எழுந்து மண்ணைத் தட்டினார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை பொள்ளாச்சி ரோட்டுல மாரத்தான் இருக்குது. வந்துருங்க."

"ஓடவாங்க?"

"இல்ல. கடைசி வண்டியில உக்கார."

திருமூர்த்தி ஓரடி பின்வாங்கினார்.

"டீச்சர், வேற எது வேண்ணாலும் சொல்லுங்க. இன்னொருக்கா முழுசா ஓடச் சொன்னாலும் ஓடறேன்."

டீச்சர் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டிப் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திருமூர்த்தி அப்படியே நின்றார். டிரைவர் செல்லமுத்து கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்தார்.

"ஏறுங்கண்ணா, கடிக்காது."

ஏறினார். முன்சீட்டில் ஓரமாக உட்கார்ந்தார்.

அது ஒரு சாதாரண மினி வேன். தண்ணீர் கேன் இருந்தது. ஒரு தார் வாழைப்பழம் இருந்தது. சுளுக்குக்கு அடிக்கிற ஸ்ப்ரே வாசனை வந்தது. டேஷ்போர்டில் ஒரு குட்டிப் பிள்ளையார், காய்ந்த சாமந்தியோடு.

வெயில் ஏற ஏறப் பின்சீட்டில் ஆள் சேர்ந்தது. முதலில் இரண்டு காலேஜ் பையன்கள். அப்புறம் ஒரு வக்கீல். திருமூர்த்தி பயந்துகொண்டே திரும்பி அவர்களைப் பார்த்தார். அள்ளப்பட்டவர்கள். ஒரு பையன் ஷூவைக் கழற்றிவிட்டு விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தான். இன்னொருவன் மூன்றாவது வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தான். வக்கீல் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

"இங்க நெறைய பழம் இருக்குது, வேணுமாங்க?" என்றான் பையன்.

திருமூர்த்தி வேண்டாம் என்று தலையாட்டினார்.

வண்டி ஊர்ந்தது. முன்னால் இப்போது ஒரே ஒரு பெண்தான் மிச்சம். முப்பது வயதிருக்கும். ஆரஞ்சு பனியன். இடது காலை இழுத்து இழுத்து ஓடினாள். எல்லைக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

திருமூர்த்தி சிரித்தார். பயப்படாதே என்பது போலக் கையை ஆட்டினார்.

அவள் முகம் வெளிறியது. பதறிக்கொண்டு வேகமாக ஓடினாள். கொஞ்ச தூரத்தில் மூச்சு வாங்கி மறுபடி திரும்பினாள்.

"ஏனுங்க செல்லமுத்து, அந்தப் பொண்ணு எதுக்குங்க இப்படிப் பயப்படுது? நாம நல்லதுக்குத்தானே வர்றோம்?"

"நல்லதுக்குத்தாங்கண்ணா. அதுக்கென்ன தெரியும்? வெயிலுக்கு இந்தக் கண்ணாடியில ஆள் மூஞ்சி தெரியாது. வண்டிதான் தெரியும்."

திருமூர்த்தி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"நல்லா ஓடறீங்க! விடாதீங்க! சீக்கிரம்! சீக்கிரம்!"

சத்தம் கேட்டதும் அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். மோவாய் இடது தோளில் பட, உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை விரித்துக்கொண்டு திரும்பினாள். திரும்பிய வேகத்தில் கால் தடுக்கித் தார் ரோட்டில் விழுந்தாள்.

செல்லமுத்து பிரேக்கை மிதித்தார்.

அந்தத் திரும்பலைத் திருமூர்த்திக்குத் தெரியும்.

மோவாய் இடது தோளில் படுவது. உதட்டைக் கடிப்பது. கண். தினமும் காலையில் புத்தகப் பைக்கு மேலே அதைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, நேரா பாத்து நட என்று சொல்கிறார்.

அவர் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"என்னங்கண்ணா, மயக்கம் வருதா?"

"கதவத் திறங்க."

"நாந்தான் போய்த் தூக்கோணும்…"

"கதவத் திறங்க!"

இறங்கி ஓடினார். விழுந்தவளுக்குப் பின்பக்கமாகப் போகாமல் சுற்றி வளைத்து அவள் முகத்துக்கு எதிரே போய் உட்கார்ந்தார். ரோட்டில், வெயிலில், சப்பணம் போட்டு.

அவள் கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"அண்ணா, அள்ளிறாதீங்கண்ணா. முடிச்சிருவேங்கண்ணா."

"அள்ள வரலீங்க. கூட வரலாம்னு வந்தேன்."

அவள் விரலிடுக்கில் அவரைப் பார்த்தாள். அப்புறம் கையைக் கொடுத்தாள். இரண்டு பேரும் எழுந்து நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவள் கேட்டாள்.

"வண்டி கிட்ட வந்துருச்சுங்களா?"

"பாக்கலீங்க."

அவளும் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

எல்லைக்கோட்டில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பெண்ணை அவள் வீட்டுக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். திருமூர்த்தி டீச்சரிடம் வந்தார்.

"வண்டியப் பாத்தீங்களாண்ணா?"

"பாத்தேனுங்க."

"எப்படி இருந்துச்சு?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அழுகை வந்துவிட்டது. இத்தனை பேர் நடுவில் அழுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. அடக்க முடியவில்லை.

"எம் புள்ள பாவமுங்க, டீச்சர்."

டீச்சர் ஒரு தண்ணீர் பாட்டிலை அவர் கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை. வாட்ச் மேசை டிராயருக்குள் கிடந்தது. அபிநிதி ஒரு தோசையைத் தின்று முடித்து, இன்னொன்று கேட்டு, அதையும் தின்றாள். மணியடிக்கிற நேரம் நெருங்கிவிட்டது. திருமூர்த்திக்குக் காதுக்குள் டீசல் சத்தம் லேசாகக் கேட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மெயின் ரோட்டில் அவள் எப்போதும்போல முன்னால் நடந்தாள். முட்டியில் பிளாஸ்திரி. புதுப் பை. தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன.

ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

திருமூர்த்தி சத்தமில்லாமல் நடையை எட்டிப் போட்டார். ரோட்டுப் பக்கமாக வந்து அவளோடு சேர்ந்துகொண்டார்.

அவள் பழக்கத்தில் இடது தோள்மேல் திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

பின்னால் யாருமில்லை.

வெலவெலத்துப்போய் நின்றுவிட்டாள்.

"அப்பா!"

"இங்கதான் கண்ணு இருக்கேன்."