பட்டறைச் சாவி

எங்கள் ஆம்புலன்ஸில் மூன்று பேர். எஸ்தர் சிஸ்டருக்கு முப்பத்து மூன்று வயது. அவரிடம் வேலை பழக வந்த சென்னியப்பன் அண்ணனுக்கு ஐம்பதை நெருங்குகிறது. குருவுக்கு சிஷ்யன் அண்ணா. மூன்றாவது ஆள் நான், டிரைவர். எங்கள் வேலையில் டிரைவரைப் பைலட் என்பார்கள். குழியில் விழுந்து எழுந்து ஓடுகிற வண்டிக்கு அந்தப் பேர் கொஞ்சம் அதிகம்தான்.

சென்னியப்பன் ஒரு நர்சிங் ஹோமில் பல வருடம் நர்ஸாக இருந்தவர். பாடமெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. கோபம் மட்டும் மூக்குக்கு மேல் உட்கார்ந்திருக்கும்.

அன்று காலை பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண்ணுக்கு வலிப்பு. வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் புருஷன் பைக் சாவியை அவள் கையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

சென்னியப்பன் சாவியைப் பிடுங்கி வேலியோரப் புதரில் வீசினார்.

“சாவி குடுத்தா வலிப்பு நிக்குமா? படிச்ச ஆள்தானே நீ? அறிவு வேண்டாம்?”

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவ்வளவுதான். “என் பொண்டாட்டியத் தொடாதே” என்றான் அந்த ஆள். எஸ்தர் சிஸ்டர் கெஞ்சினார். அவன் கேட்கவில்லை. துடித்துக்கொண்டிருந்தவளை அப்படியே அள்ளி ஒரு ஷேர் ஆட்டோவில் போட்டுக்கொண்டு போய்விட்டான். பின்னாலேயே போனோம். சந்தைத் தெருவுக்குள் ஆட்டோ நுழைந்தது, எங்கள் வண்டி நுழையவில்லை.

பதினோரு மணிக்கு டீ வந்தது. சென்னியப்பனின் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

“சிஸ்டர், சாவியால வலிப்பு நிக்குமா?”

“நிக்காதுங்ண்ணா.”

“அப்ப நான் சொன்னது சரிதானே?”

“சரிதான்.”

“சரின்னா அந்தப் பொண்ணு ஏன் நம்ம வண்டியில இல்ல?”

சிஸ்டர் டீயைக் குடித்தார்.

“அதுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா என்னால தாங்க முடியாது. சாயங்காலத்தோட இந்த வேலைய விட்டுடறேன்.”

சென்னியப்பன் ஆறிய டீயைத் தள்ளி வைத்தார். காலையில் அவரைத் திட்டித் தீர்த்தவன் நான். இப்போது எனக்கே பாவமாக இருந்தது.

அதற்குள் போன் அடித்தது. ஒரு தறிப் பட்டறையில் வேலை செய்கிற பையனுக்கு வலிப்பு. விட்டுவிட்டு வருகிறது, இடையில் தெளியவே இல்லையாம்.

போனால், பையன் மல்லாந்து கிடந்து துடிக்கிறான். வாயெல்லாம் நுரை. அதே பட்டறையில் வேலை செய்கிற அவன் அம்மா ஒரு எவர்சில்வர் கரண்டியைப் பல்லுக்கிடையில் நுழைக்கப் பார்க்கிறாள்.

“பல்லுக் கிட்டிக்கிச்சுங்க! நாக்கைக் கடிச்சுக்குவான்! சாமி, என்னப் பெத்த சாமி!”

சென்னியப்பன் திட்ட வாயைத் திறந்தார். சிஸ்டர் அவர் தோளைத் தொட்டார். பிறகு அந்த அம்மாவிடம் குனிந்தார்.

“ஏனுங்கம்மா, கையில ஒண்ணும் குடுக்கலையா? சாவி இருக்குதா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சென்னியப்பன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

கரண்டி கீழே விழுந்தது. அந்த அம்மா இடுப்பில் செருகியிருந்த பட்டறைச் சாவியை உருவினாள். நல்ல கனத்த இரும்புச் சாவி.

“இந்தப் பக்கம் உக்காருங்க. அவன் கையில வெச்சு, உங்க ரெண்டு கையாலயும் மூடிக்கோங்க. அமுக்க வேண்டாம். அவன் கை ஆடுனா உங்க கையும் கூடவே ஆடட்டும். கைய மட்டும் எடுத்துராதீங்க.”

அவள் உட்கார்ந்தாள். பையனை அவள் பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். நுரை தானாக வழிந்தது. சென்னியப்பன் மிச்சத்தை உறிஞ்சி எடுத்து ஆக்சிஜன் வைத்தார். சிஸ்டர் பையன் மூக்கில் மருந்தை அடித்தார். அந்த அம்மா சாவியை விடவே இல்லை. கொஞ்ச நேரத்தில் துடிப்பு குறைந்தது, பிறகு நின்றது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“சாவி குடுத்ததும் நின்னு போச்சு பாருங்க!” என்றாள் அவள்.

“நல்லா உக்காந்து பாத்துக்கிட்டீங்க” என்றார் சிஸ்டர். சென்னியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் பையன் கண் விழித்து “அம்மா” என்றான். அவள் அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். சிஸ்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“நின்னது சாவியாலே இல்லீங்கம்மா. மூக்குல அடிச்ச மருந்தாலே.”

“அப்படியா கண்ணு?”

“இனி வந்தா வாயில எதையும் வெக்காதீங்க. பல்லு உடைஞ்சு உள்ள போயிரும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சிட்டு உடனே எங்களக் கூப்பிடுங்க.”

“அப்ப சாவி வேண்டாமா?”

“வேண்டாங்கம்மா.”

அவள் சாவியை ஒருமுறை பார்த்தாள். “சரி கண்ணு” என்று இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சென்னியப்பன் இதைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கட்டில் கட்டிலாகத் தேடிக்கொண்டிருந்தார். கடைசிக் கட்டிலில் காலையில் பார்த்த பெண். மூக்கில் குழாய், ஆனால் கண் திறந்திருந்தது. உயிரோடு இருக்கிறாள். அவள் புருஷன் இவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இவர் கிட்டே போகவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் வெடித்துவிட்டார்.

“நீங்க அந்தம்மாகிட்ட சொன்னதும் நான் காலையில சொன்னதும் ஒண்ணுதானே சிஸ்டர்? நீங்க சொன்னா ‘சரி கண்ணு’ங்கறாங்க. நான் சொன்னா ஆளைத் தூக்கிட்டு ஓடறாங்க. ஏன்?”

“வலிப்பு வந்த ஆளுக்கு என்ன பண்ணோணும்ங்ண்ணா? சொல்லுங்க.”

அவர் பரீட்சைக்கு ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தார். “அமுக்கிப் பிடிக்கக் கூடாது. வாயில எதையும் திணிக்கக் கூடாது. அடிபடாம பாத்துக்கோணும். அடங்கற வரைக்கும் பக்கத்துலயே இருக்கோணும். தெளிஞ்சப்புறம் மெதுவாப் பேசோணும்.”

“பதறிக் கிடந்த அந்தம்மாவுக்கும் அதேதானுங்ண்ணா.”

காலையில் பார்த்த பஸ் ஸ்டாப் வந்தது. அந்த ஆளின் பைக் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

“பைலட், நிறுத்துங்க” என்றார் சென்னியப்பன். இறங்கிப் போய், மண்டி போட்டு, வேலியோரப் புதரைக் கையால் விலக்கித் தேட ஆரம்பித்தார்.