ஆர்கானும் ஆறு எண்களும்

கல்லூரியில் இயற்பியல் நடத்தும் சவரிமுத்து, தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவரான பேராசிரியர் செண்பகவல்லியிடம் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்து ஏழு வருடம் ஆகிவிட்டது. மே மாதம் பணி ஓய்வு. அந்த விழா அழைப்பிதழில் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ என்று அச்சாக வேண்டும். ஆசைதான், பாவம், தப்பில்லை.

ஆர்கான் அணுவின் மேல் எலக்ட்ரான்களை எய்தால் எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறும் என்று கணக்கால் சொல்வது அவர் ஆய்வு. அவர் கணக்கிட்ட கோடு ஆய்வகத்தில் அளந்த புள்ளிகள் மேல் அழகாகப் போகும். நூற்றிருபது டிகிரியில் மட்டும் விலகிவிடும். கடைசியில் கணக்கில் ஆறு எண்களைச் சேர்த்தார். இஷ்டம்போல் கூட்டலாம், குறைக்கலாம். அடிமேல் அடி அடித்தால் அம்மியே நகரும், கோடு நகராதா? எல்லாப் புள்ளியிலும் உட்கார்ந்துவிட்டது.

சனிக்கிழமை கொண்டுபோய் நீட்டினார்.

“இனி சமர்ப்பிச்சிடலாமா மேடம்?”

செண்பகவல்லி உள்ளே போய், ஐந்து நிமிடம் கழித்து, புள்ளிகள் குறித்த ஒரு தாளோடு வந்தார்.

“இது வேற அளவு சார். இதுக்கும் பொருந்துதான்னு பாருங்க.”

அடுத்த சனிக்கிழமை சவரிமுத்து பஸ்ஸை விட்டிறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“பொருந்திடுச்சு மேடம்! ஆறு எண்ணையும் கொஞ்சம் மாத்தினேன். ஒரு புள்ளிகூடத் தப்பலை.”

“எந்த ஆய்வகத்துல அளந்ததுன்னு கேக்கலையே?”

“எங்க மேடம்?”

“எங்கயும் இல்ல சார். உள்ள உக்காந்து நானே மனசுக்குத் தோணினபடி எழுதினது. அதுக்கும் பொருந்துதுன்னா, அந்த ஆறு எண்ணை வச்சு எதுக்கு வேணா பொருத்திடலாம்.”

சவரிமுத்துவின் முகம் செத்துவிட்டது. செண்பகவல்லிக்கு மனசு கேட்கவில்லை. தன் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார்.

“பழைய கோடு இருக்கா சார்?”

“கம்ப்யூட்டர்ல இருக்கு. ஆனா அது நூத்தியிருபதுல தப்பாப் போகுதே.”

“அதையே எழுதுங்க. விலகின இடத்தையும் மறைக்காம எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்.”

“நாமளே தப்புன்னு எழுதிக் கொடுத்தா பட்டம் தருவாங்களா மேடம்?”

“தெரியாது சார். மத்த இடத்துல எல்லாம் ஆர்கான் உங்களுக்கு ஆமாம் போட்டுச்சு. இந்த ஒரு இடத்துலதான் வாயைத் திறந்து இல்லைங்குது. அதைக் கேக்கத்தானே ஏழு வருஷம் பஸ் ஏறி வந்தீங்க?”