கடல் தாண்டி வந்த வேரும் அரண்மனை எறும்பும்

மேலக்கரை ராஜா வீரகேசரிக்குச் சர்க்கரை வியாதி. எப்படிக் கண்டுபிடிச்சாங்கங்கறீங்களா? ராஜாவோட சிறுநீர்ச் சட்டியில எறும்பு மொய்ச்சுது. அந்தக் காலத்துல அதுதான் பரிசோதனை. கால்ல வேற ஒரு புண்ணு, ஆறவே மாட்டேங்குது.

ஆப்பிரிக்காவுலேருந்து வந்த கப்பல்காரர் ஜுமா ஒரு வேர் கொண்டாந்தார். "எங்க ஊர்ல சில பேருக்குக் கேக்குது, சில பேருக்குக் கேக்கல. சோதிச்சுப் பாத்துக் குடுங்க"ன்னார்.

இவ்வளவு நேர்மையான ஆள் அரண்மனைக்கு ஆவாரா? வைத்தியர் அகோரமூர்த்தி வேரை வாங்கிக்கிட்டு அவரைக் கப்பலுக்கே விரட்டிட்டார்.

கொஞ்ச நாள் அந்த வேர்க் கஷாயம். அப்புறம் வைத்தியர் சபையில பட்டுத்துணி விரிச்சு, ராஜாவோட சட்டியை அதுமேல வச்சார். ஒத்த எறும்பு வரல. சபையே கண்கலங்கிச்சு.

"நோய் போயே போச்சு மகாராஜா. இனி அக்காரவடிசல் வெளுத்துக்கட்டலாம்."

ராஜாவுக்கு வாயெல்லாம் பல்லு. வெள்ளி அண்டா நிறைய அக்காரவடிசல் வந்து இறங்கிச்சு.

விகடன் பொன்னுரங்கம் மட்டும் ராஜா காலைப் பாத்தான். புண்ணு அப்படியே இருந்துச்சு. அண்டா உள்ள போனா கால் போயிடும். வாயைத் திறந்தா தன் கதை முடிஞ்சிடும்.

"மகாராஜா, நானும் ஒரு சட்டி வச்சுக்கறேங்க."

"அடேய், உனக்கும் சர்க்கரையா?"

"எனக்கில்லீங்க. பானகத்துக்கு."

வைத்தியர் முகம் சுருங்குச்சு. "வைத்தியத்துல விகடனுக்கு என்ன வேலை?"

"கேலி பண்றேன்னு தெரிஞ்சுது, நாடு கடத்திடுவேன்"னார் ராஜா.

"மூட்டை கட்டிட்டுத்தான் சாமி வந்திருக்கேன்."

வெல்லம் கரைச்ச பானகத்தை அதே பட்டுத்துணி மேல, ராஜா சட்டிக்குப் பக்கத்துல வச்சான். எல்லாரும் காத்திருந்தாங்க. அக்காரவடிசலுக்கு எறும்பு சாரை சாரையா போகுது. பானகத்துப் பக்கம் ஒண்ணுகூட எட்டிப் பாக்கல.

பொன்னுரங்கம் பொத்துனு வைத்தியர் கால்ல விழுந்தான். "ஐயா, நீங்க மகான். கஷாயமே குடிக்காத பானகத்துக்கும் சர்க்கரை வியாதியைக் குணமாக்கிட்டீங்களே."

ராஜா எழுந்து வந்து பட்டுத்துணி ஓரத்தைத் தூக்கினார். அடியில சுத்திவர மஞ்சள்தூள், கைப்பிடி கைப்பிடியா.

"அப்போ அந்த வேர் பொய்யாடா?"

"தெரியாதுங்க. இதுவரைக்கும் நாம சோதிச்சது மஞ்சளை. அது எறும்புக்கு நல்லாவே கேக்குது."

ராஜா வயிறு குலுங்கச் சிரிச்சார். அண்டா திரும்பிப் போச்சு. பொன்னுரங்கம் கழுத்துல முத்துமாலை ஏறிச்சு. ஜுமாவைக் கூட்டிவரப் படகு பறந்துச்சு.

ராஜா வைத்தியரையும் கைவிடல. அரண்மனைச் சர்க்கரைக் கிடங்குக்குக் காவல் போட்டார். அன்னியிலேருந்து அங்க ஒத்த எறும்பு வந்ததில்லையாம். மனுஷன் வைத்தியத்துல அம்புட்டுக் கெட்டி.