கொளுத்தாத கற்பூரம்

சிரிக்காதீங்கடா மாப்ளைகளா. பைக் டேங்குல பெட்ரோல் எவ்வளவு கெடக்குன்னு தீக்குச்சியைக் கிழிச்சு எட்டிப் பாத்த ஆளுங்க உங்கள்லயும் இருக்கீங்க. கையெல்லாம் தூக்க வேண்டாம். புருவத்தைப் பாத்தாலே தெரியுது.

சென்னியப்பனும் உங்க செட்டுதான், வயசு மட்டும் அம்பத்தி நாலு. முப்பது வருசம் டீசல் டிராக்டர்ல உழவு ஓட்டுன ஆளு. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு காலேஜு கிரவுண்டுக்கு, மேல உக்காந்து ஓட்டுற புல்லு வெட்டுற வண்டி வந்துச்சு. பெட்ரோல் இஞ்சின். அதை ஓட்டவும் பாத்துக்கவும் அவருக்குச் சொல்லிக் குடுத்த மெக்கானிக்கு தமயந்தி. வயசு இருபத்தாறு. அது குரு, இவரு சிஷ்யன். மனுசன் மீசைக்கு எப்படி இருந்திருக்கும், பாத்துக்குங்க.

அன்னைக்கு ஆயுத பூஜை. ராத்திரியெல்லாம் பூட்டிக் கெடந்த ஷெட்டைத் தொறந்து, இருபது பேரு உள்ள நெருக்கியடிச்சு நின்னாங்க. வண்டிக்குச் சந்தனம், குங்குமம், பெரிய மல்லிப்பூ மாலை. தட்டுல கற்பூரம். காலேஜு கரஸ்பாண்டன்ட் கையில தீப்பெட்டி.

சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் வைக்கத் தமயந்தி குனிஞ்சுது. குனிஞ்சது நிமிரலை.

"ஐயா, குச்சியைக் கிழிச்சராதீங்க."

"என்னம்மா?"

"எல்லாரும் வெளிய போங்க. சுவிட்சு மேல யாரும் கை வெக்காதீங்க."

ஒருத்தரும் நகரலை. சென்னியப்பனுக்குத்தான் மானம் போச்சு.

"ஏனுங்கம்மணி, முப்பது வருசம் டிராக்டருக்குக் கற்பூரம் காட்டியிருக்கறேன். ஒண்ணும் ஆவல. சாமி கும்பிடக்கூட உங்ககிட்டப் பாடம் படிக்கோணுமா?"

"குனிஞ்சு மோந்து பாருங்ண்ணா."

குனிஞ்சாரு. நின்ன வரைக்கும் மல்லிப்பூ. முட்டிக்குக் கீழ பெட்ரோல். வண்டிக்கடியில தரை நனைஞ்சு மினுமினுன்னு கெடந்துச்சு.

"நல்ல நேரம் முடிய அஞ்சு நிமிசந்தான் இருக்கு"ன்னு கரஸ்பாண்டன்ட் குச்சியைப் பெட்டி ஓரத்துல வெச்சாரு. "சாமி காரியத்துல அபசகுனமாப் பேசாதே."

தமயந்தி எட்டித் தீப்பெட்டியைப் பிடுங்கிருச்சு.

அப்ப சென்னியப்பன் "ஓடுங்க வெளிய!"ன்னு ஒரு சத்தம் போட்டாரு பாருங்க, கரஸ்பாண்டன்ட்டே செருப்பை விட்டுட்டு ஓடுனாரு.

"சாவியைப் போட்டு வண்டியை வெளிய எடுத்தரட்டுங்களா?"

"சாவி போட்டா ஒரு பொறி வரும். அந்த ஒண்ணு போதுங்ண்ணா. நியூட்ரல் பண்ணுங்க. தள்ளுவோம்."

முதல்ல டேங்குக்குக் கீழ இருந்த பெட்ரோல் டேப்பை அது மூடுச்சு. அப்புறம் ரெண்டு பேருமா மாலையோட வண்டியை வெயிலுக்குத் தள்ளிட்டு வந்தாங்க. ஷெட்டுல இருந்த சன்னலையெல்லாம் தொறந்து விட்டாங்க.

சென்னியப்பனுக்கு இன்னும் அடங்கலை. "டீசலும் எரியறதுதானுங்க அம்மணி. அது ஏன் ஒருநாளும் புடிக்கலை?"

தமயந்தி அவரைக் கிரவுண்டோட மறுகோடிக்குக் கூட்டிட்டுப் போயி, மணல் மேல ரெண்டு டப்பா மூடி வெச்சுது. ஒண்ணுல டீசல், ஒண்ணுல பெட்ரோல், மூடிக்கு ஒரு ஸ்பூன். ஆளுயரக் கம்பி நுனியில தீக்குச்சியைச் சொருகிப் பத்த வெச்சு, டீசல்ல முக்குச்சு. சுர்ருன்னு அணைஞ்சு போச்சு.

அடுத்த குச்சி. பெட்ரோல் மூடிக்கு நாலு விரக்கடை மேல இருக்கறப்பவே பக்குன்னுச்சு. சென்னியப்பன் பின்னால சாஞ்சுட்டாரு.

"தீ போயி பெட்ரோலைத் தொட்டுச்சுங்களாண்ணா?"

"இல்லீங்க. பெட்ரோலுதான் வந்து தீயைத் தொட்டுச்சு."

தமயந்தி மணலை அள்ளிப் போட்டு அமத்துச்சு.

திரும்பி வந்தா, கரஸ்பாண்டன்ட் வெறுங்காலோட நின்னுட்டிருந்தாரு. மூஞ்சி செவந்து கெடந்துச்சு.

"இருபது பேரு கருகியிருப்போம். எப்படிக் கசிஞ்சுது?"

"டேப்பு தொறந்தே இருந்துருக்குங்க. கார்புரேட்டர்ல தூசி சிக்கி ராத்திரியெல்லாம் சொட்டியிருக்கு."

"எவன் தொறந்து வெச்சது?"

சென்னியப்பன் வேட்டி நுனியைப் புடிச்சுக்கிட்டாரு. டீசல் வண்டியில டேப்பை மூடுனா பைப்புக்குள்ள காத்துப் புடிச்சுக்கும், அப்புறம் லேசுல ஸ்டார்ட் ஆவாது. முப்பது வருசமா அவரு அதைத் தொட்டதே இல்லை.

"வண்டி என் பொறுப்புங்க"ன்னுச்சு தமயந்தி.

"அப்ப நாளையில இருந்து நீ வர வேண்டாம்."

"சரிங்க."

அது பாட்டுக்கு ஸ்பேனரையெல்லாம் பையில போட ஆரம்பிச்சுது. சென்னியப்பன் பக்கத்துல போயி மெதுவாக் கேட்டாரு.

"ஏனுங்கம்மணி, இதை எதுக்கு உங்க தலையில தூக்கிப் போட்டுக்கறீங்க?"

"டேப்பை நான் மூடிட்டனுங்ண்ணா. உங்க வாயை நான் தொறக்க முடியாது."

சென்னியப்பன் தலைத்துண்டை அவுத்துக்கிட்டு கரஸ்பாண்டன்ட் முன்னால போனாரு.

"ஐயா, நேத்து வண்டியை நிறுத்திட்டு டேப்பை மூடாமப் போனது நாந்தானுங்க. இந்தப் புள்ளை படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு. ஒரு பொட்டப்புள்ளை சொல்லி நான் கேக்கறதான்னு வேணும்னேதான் விட்டுட்டுப் போனேன்."