தூங்குமூஞ்சிக் கண்ணை எழுப்பின அத்தை

ஒரு ஊர்ல ஒரு அத்தை இருந்தாளாம். பேரு பேராச்சி. அவளுக்கு ஒரு கண்ணு நம்மளப் பாக்கும், இன்னொண்ணு மூக்கைப் பாக்கும். மாறுகண்ணு. அந்த ஊர்ல மாறுகண்ணுன்னா அதிர்ஷ்டம்! விதைப்பு வந்தா, "ஏ பேராச்சி, முதல் விதை நீ போடு தாயி"ன்னு வண்டி வச்சுக் கூட்டிட்டுப் போவாங்க. ஆனா கல்யாண வீட்டுல போட்டோ எடுக்கறப்ப மட்டும், அவ வெக்கப்பட்டுச் சடக்குனு தூணுக்குப் பின்னாடி போயிருவா. பாவம்ல?

"ம்."

அப்புறம், அவ அண்ணன் மக ஒருத்தி, மாரிச்செல்வி. உன் வயசுதான். டம்ளர்ல தண்ணி ஊத்துன்னா சளக்குனு வெளிய ஊத்துவா. பந்தைப் பிடின்னா காத்தைப் பிடிப்பா. ஒருநாள் பாத்தா, அவ வலது கண்ணும் மூக்கைப் பாக்குது!

அண்ணனுக்கு ஒரே குஷி. "உன் அதிர்ஷ்டம் எம்மகளுக்கும் வந்துருச்சுடி!"

பேராச்சி பிள்ளையை இழுத்து அணைச்சுக்கிட்டா. "அண்ணே, ஊருக்கெல்லாம் அதிர்ஷ்டம் குடுத்தேனே. எனக்கு அந்தக் கண்ணுல என்ன தெரியுதுன்னு யாராச்சும் கேட்டீங்களா?"

சொல்லிட்டுப் பேராச்சி பிள்ளையை இடுப்புல தூக்கினா, பஸ் ஏறினா, டவுன் கண்ணாஸ்பத்திரிக்குப் போனா.

அங்க கண்ணுக்குப் பயிற்சி குடுக்குற அக்கா ஒருத்தி, சாந்தகுமாரி. ஒத்தக் கண்ணை மூடிப் படம் காட்டினா, பொம்மையை இப்படி அப்படி ஆட்டினா. அப்புறம் சொன்னா, "இந்தக் கண்ணு தூங்க ஆரம்பிச்சிருக்கு. கண்ணாடி போடணும். தினமும் கொஞ்ச நேரம் நல்ல கண்ணை ஒட்டு போட்டு மூடணும். அப்பதான் தூங்குமூஞ்சி எந்திரிச்சு வேலை பாக்கும். இப்ப விட்டுட்டா பெறவு எழுப்புறது ரொம்பக் கஷ்டம்."

தூங்கிட்டியா?

"ம்ஹும்."

முதல் நாள் மாரிச்செல்வி என்ன செஞ்சா தெரியுமா? ஒட்டைச் சர்ர்ருனு பிச்சு ஆட்டுக்குட்டி நெத்தியில ஒட்டிட்டா. அது ம்மேஏஏன்னு தெருவெல்லாம் ஓடுச்சு. ரெண்டாம் நாள் ஓரத்தைத் தூக்கிக்கிட்டு டிவி பாத்தா. மூணாம் நாள் காலை உதைச்சு ஒரே அழுகை. "நீ மட்டும் ஒட்டலையே அத்தே! போ!"

"சரி, எனக்கும் ஒட்டுடி."

நல்ல கண்ணுல ஒட்டிக்கிட்டு எந்திரிச்சா. ரெண்டு எட்டு வச்சா... டமால்! தண்ணிக்குடம் உருண்டுச்சு. பிள்ளை கலகலன்னு சிரிச்சா. அப்போ அத்தை சுவத்தைத் தடவுறா, தடவுறா, வாசலைக் காணோம். சிரிப்பு நின்னுபோச்சு.

"அத்தே... விளையாடுறியா?"

"இல்லடி. இந்தக் கண்ணுல எல்லாம் நிழல் நிழலாத்தான் தெரியும். சின்னதுல இதை எழுப்ப ஆளில்ல."

மாரிச்செல்வி மூக்கை உறிஞ்சினா. ஒட்டை நல்லா அழுத்தி ஒட்டிக்கிட்டா. "என் கையைப் பிடி அத்தே. படி இருக்கு, பாத்து"ன்னு, அந்தத் தூங்குமூஞ்சிக் கண்ணாலயே வழி பாத்து வாசலுக்குக் கூட்டிட்டு வந்தா. அன்னையிலருந்து ஒட்டைப் பிக்கவே இல்ல.

மாசம் பல போச்சு. ஆஸ்பத்திரியில அக்கா படம் காட்ட, இவ டகடகன்னு சொல்லிட்டா. கண்ணாடிக்குள்ள ரெண்டு கண்ணும் நேரா, ஜம்முனு! பேராச்சி கும்பிட்டா.

அக்கா அவ கையைப் பிடிச்சுக்கிட்டா. "உங்க கண்ணுக்குப் பார்வை திரும்புறது கஷ்டம். ஆனா நேராக்கலாம். அதுக்கு வயசே கிடையாது." பேராச்சியும் ஆபரேஷன் பண்ணிக்கிட்டா. அடுத்த கல்யாணத்துல போட்டோவுக்கு முதல் வரிசை, பொண்ணு மாப்பிள்ளைக்குப் பக்கத்துலயே!

விதைப்பு வந்துச்சு. "இனிமே முதல் விதை யாரு போடுறது?"ன்னு அண்ணன் தலையைச் சொறிஞ்சான்.

"நாந்தான்!"னு குதிச்சா மாரிச்செல்வி. டொக், டொக், டொக். ஒண்ணுகூட ஏர் ஓட்டின சாலுக்கு வெளிய விழலையே! அந்த வருசம் முதல் மூட்டை உளுந்து, பஸ்ஸுல ஏறி நேரா அந்த அக்கா வீட்டுக்குப் போச்சாம்.

கேக்குதா செல்லம்?

"...ம்."

கதையும் கொட்டாவி விட்டுருச்சு. நீயும் கண்ணை மூடு. ரெண்டும் நாள் பூரா சேந்து வேலை பாத்துச்சுல்ல? சேந்தே தூங்கட்டும்.