கீரியின் இலவசக் காவல்

மூங்கில் காட்டு ஆற்றில் சடையப்பன் என்றொரு நீர்நாய் இருந்தது. ஆற்று மணலை அரித்து அரித்து அது இருபது பொன்மணிகள் சேர்த்திருந்தது. ஒரு மணியைக் கொடுத்தால் மீன்கொத்திகள் ஒரு மாதம் மீன் பிடித்துத் தரும். நாளைக்குப் பல் விழுந்துவிட்டால் அதுதான் பிழைப்பு.

ஆனால் மணிகளை எங்கே வைப்பது? மழை வந்தால் வளைக்குள் வெள்ளம் புகுந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும்.

சடையப்பன் தன் சினேகிதன் கொக்கோடு பாதுகாப்பான இடம் தேடிப் புறப்பட்டது. கொக்கிடமும் இருபது மணிகள் இருந்தன.

முதலில் பாறை இடுக்கில் இருந்த உடும்பிடம் போயின.

"ஒரு மழைக்காலத்துக்கு ஒரு மணி கூலி" என்றது உடும்பு.

"அப்புறம்?"

"அப்புறம் ஒன்றுமில்லை. இஷ்டமிருந்தால் வை. இல்லாவிட்டால் வெயிலை மறைக்காதே!"

"என்ன திமிர்!" என்று கொக்கு சடையப்பனை இழுத்துக்கொண்டு போனது.

புற்றில் குடியிருந்த கீரியோ வாசலுக்கே ஓடி வந்தது. "வாங்க, வாங்க! என்னிடம் வைப்புக்கூலியே கிடையாது. எல்லாம் இலவசம்! காவலுக்கு மட்டும் ஏதோ கொஞ்சம். எண்ணிக்கை பார்த்துக்கொள்ள ஒரு சிறு பங்கு. எடுக்கும்போது கதவுக்கூலி. அவ்வளவுதான்!"

"புரிந்தது, புரிந்தது!" என்று கொக்கு தலையாட்டியது.

சடையப்பனுக்குத் தலை சுற்றியது. "இலவசம் என்றால் காவலுக்கு எதற்குக் கூலி?"

"வைப்பு வேறு, காவல் வேறு!"

"அப்போ கதவு?"

"கதவு இரண்டிலும் சேராது!"

கொக்கு தன் மணிகளை அங்கேயே கொடுத்துவிட்டது. சடையப்பன் குழம்பிப்போய் வீடு திரும்பியது. இருபது கூழாங்கற்களைப் பரப்பி, உடும்பின் கூலிக்கு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தது. சரியாக வந்தது. கீரியின் கூலிக்கு எத்தனை தள்ளுவது? விளங்கவே இல்லை. எதிரே கெண்டை துள்ளியும் பிடிக்கத் தோன்றவில்லை.

மறுநாள் கீரியிடமே போனது.

"இன்றைக்கு இருபது கொடுத்து ஐந்து மழை கழித்து வந்தால், என் கையில் எத்தனை தருவாய்?"

"அது காலத்தைப் பொறுத்தது!"

"குத்துமதிப்பாகச் சொல்லேன்."

கீரி விழுந்து விழுந்து சிரித்தது. "இப்படி ஒரு மக்கு நீர்நாயை நான் பார்த்ததே இல்லை! கொக்கு ஒரு கேள்வி கேட்டதா?"

சடையப்பனுக்கு அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் உடும்பிடம் போய் அதையே கேட்டது. "பதினைந்து" என்றது உடும்பு, கண்ணைக்கூடத் திறக்காமல்.

சடையப்பன் மணிகளை அங்கே வைத்தது. வைத்த பிறகும் மனம் அடங்கவில்லை. 'இலவசத்தை விட்டுவிட்டேனோ?' மழைக்கு மழை கொக்கு வேறு கேலி செய்தது: "கூலி அழுதாயா, தம்பி?"

ஐந்து மழை கழிந்தது. சடையப்பனுக்குப் பல் விழுந்தது. கொக்குக்குக் கால் முடங்கியது. இரண்டும் தத்தம் மணிகளைக் கேட்கப் போயின.

உடும்பு பதினைந்து மணிகளை எண்ணி வைத்தது.

கீரி சொன்னது: "மழைக்கு ஒன்று காவலுக்கு, ஐந்து. மழைக்கு ஒன்று எண்ணிக்கைக்கு, ஐந்து. மீதியில் பாதி கதவுக்கூலி. இந்தா, ஐந்து!"

"இவ்வளவு ஆகும் என்று நீ சொல்லவே இல்லையே!" என்று பதறியது கொக்கு.

"புரிந்தது என்றுதானே சொன்னாய்?"

கொக்கு நொண்டி நொண்டி ஆற்றங்கரைக்கு வந்தது. சடையப்பன் தனக்கு வந்த மீனில் பாதியை அதன் முன்னால் வைத்தது.

"எனக்கு மட்டும் அன்றைக்கு என்ன புரிந்தது, அண்ணே? புரியவில்லை என்று சொன்னேன், அவ்வளவுதான்."

கொக்கு தலைகுனிந்து சொன்னது: "எனக்கும்தான் புரியவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது, தம்பி!"

புரியாததற்குத் தலையாட்டுபவன் கைப்பொருளை இழப்பான். கேட்க வெட்கப்படாதவன் அதைக் காப்பான்.