நின்றால் நடுங்கும் கார்

இந்தக் கதையைச் சங்கரவேல் இருபத்தாறு வருஷமாகச் சந்தேகித்து வந்தார்.

சொன்னவர் புளியங்குடி தாகிர் பாய், கார் மெக்கானிக். சொன்ன நாள், சங்கரவேலின் அப்பா வெயிலுமுத்துவுக்குப் பதினாறாம் நாள் காரியம்.

பதினாறாம் நாளில் எல்லாரும் நல்லதைத்தான் சொல்வார்கள். இதுவும் இலையோரம் வைத்த இனிப்பு என்று சங்கரவேல் எடுத்துக்கொண்டார்.

பாய் சொன்னது இதுதான்.

வெயிலுமுத்து வாடகைக் கார் ஓட்டியவர். மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பதிமூன்று வயது மகன் சங்கரவேல் அத்தை கையில் வளர்ந்தான்.

அவர் வீட்டுக்கு வருவார். குளிப்பார். சட்டை மாற்றுவார். செருப்பைத் தேடுவார். கொச்சி, திருச்சி, மதுரை என்று சவாரிக்கு மேல் சவாரி.

ஒரு நண்பகலில் காரைப் பாயின் கொட்டகை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். பாய்க்கு அப்போது முப்பது வயது. வெயிலுமுத்துவைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

"பாய், வண்டி மிஸ்ஸிங் அடிக்குது."

"எப்போ?"

"நின்னா நடுங்குது. ஓடுனா ஒரு குறையும் இல்ல."

"அப்போ ஓட்டிக்கிட்டே இருக்க வேண்டியதுதான, அண்ணாச்சி."

"ரெண்டு வருஷமா அதைத்தான் செய்யுதேன்."

பாய் சிரித்தார். வெயிலுமுத்து சிரிக்கவில்லை.

"பிளக் மாத்தியாச்சு. பாயிண்ட் மாத்தியாச்சு. கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவியாச்சு. மூணு மெக்கானிக் பார்த்தாச்சு."

"நாலாவதா எங்கிட்ட வந்திருக்கீங்க. நல்ல மரியாதை."

பாய் பானட்டைத் தூக்கினார். வெயிலுமுத்து ஸ்டார்ட் செய்தார். கார் நடுங்கவில்லை. இரைந்தது.

"நடுங்கலையே?"

"ஸ்லோ ஸ்பீடை ஏத்தி வச்சிருக்கேன். இல்லன்னா ரயில்வே கேட்டுல அணைஞ்சிரும்."

எல்லா டிரைவரும் செய்கிற வேலைதான். கார்புரேட்டரில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை இறுக்கினால், நிற்கிற வண்டியிலும் இன்ஜின் வேகமாகச் சுற்றும். நடுக்கம் வெளியே தெரியாது.

பாய் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அந்தத் திருகைத் தளர்த்தினார்.

இரைச்சல் இறங்கியது. கண்ணாடி நடுங்கியது. கதவு நடுங்கியது. ஒருமுறை குலுங்கிக் கார் அணைந்தே போனது.

"சரி பண்ணச் சொன்னா கொன்னுட்டீரே, ஓய்."

"ஏத்தி வச்சா அது எங்கிட்ட ஒண்ணும் சொல்லாது."

மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லி, அணையாத அளவுக்கு மட்டும் திருகை ஏற்றினார். நடுக்கத்தை அப்படியே விட்டார்.

காய்ந்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டார். நாலு பிளக் வயரில் ஒன்றைப் பிடுங்கினார். கார் இன்னும் மோசமாகக் குலுங்கியது. அதை மாட்டிவிட்டு அடுத்ததைப் பிடுங்கினார். அதற்கும் குலுங்கியது. நாலுக்கும் அப்படித்தான்.

"நாலும் உழைக்குது. இதுல ஒருத்தன் மேலயும் குத்தம் இல்ல."

"அப்போ யார் மேலதான் குத்தம்?"

பாய் எண்ணெய்க் கேனை எடுத்தார். கார்புரேட்டர் வந்து உட்காருகிற விளிம்பில் சொட்டுச் சொட்டாக விட்டார். மூன்று பக்கம் ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது பக்கத்தில் எண்ணெய் சட்டென்று உள்ளே இழுபட்டது.

நடுக்கம் நின்றது.

ஒரு மூச்சு நேரம்தான். மறுபடி வந்துவிட்டது.

"இந்த வழியா காத்துப் போகுது."

"ஓடும்போது போகலையா?"

"அப்பவும் போகத்தான் செய்யுது. ஓடும்போது இன்ஜினுக்கு மூச்சு பெருசு, காட்டாது. நிக்கும்போது மூச்சு சின்னது."

அணைத்துவிட்டுக் கழற்றிப் பார்த்தார். காற்றுப் புகாமல் இடையில் வைக்கிற பேக்கிங் அட்டை ஒரு மூலையில் நைந்து போயிருந்தது. பாய் அலமாரியில் துழாவி ஒரு தடித்த கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். அதன்மேல் பழைய அட்டையை வைத்து வெட்டினார்.

"யார் கல்யாணம் பாய்?"

"முடிஞ்ச கல்யாணந்தான். நல்ல பேக்கிங் வாங்குற வரைக்கும் தாங்கும்."

எல்லாவற்றையும் மாட்டி முடுக்கினார். வெயிலுமுத்து ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். நடுக்கம் இல்லை. பாய் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"காலை எடுங்க அண்ணாச்சி."

வெயிலுமுத்து குனிந்து பார்த்தார். வலது கால் ஆக்சிலேட்டர் மேல் இருந்தது. வைத்தது அவருக்கே தெரியவில்லை.

"எடுத்தா அணைஞ்சிரும்."

"எடுங்க."

எடுத்தார்.

அணையவில்லை.

வெயிலுமுத்து இறங்கவும் இல்லை, போகவும் இல்லை. இரண்டு காலையும் மடக்கி வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பாய் மண்ணெண்ணெயில் கையைக் கழுவி, துடைத்து, மறுபடியும் கழுவினார்.

முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வெயிலுமுத்து சொன்னார்.

"பயலுக்கு அவங்கம்மா முகம், பாய். அப்படியே."

பாய் கைத்துணியை உதறி மடித்தார்.

"அவ படத்தைக் கழட்டிப் பெட்டிக்குள்ள வச்சிட்டேன். இவனை எங்க வைக்க?"

பாய் பானட்டை இறக்கி, சத்தம் வராமல் கையால் அழுத்தி மூடினார்.

அவர் சொன்ன கதை இங்கே முடிந்துவிடுகிறது.

அன்று அப்பா வீட்டில் தங்கினாரா என்று சங்கரவேலுக்கு நினைவில்லை. அந்த வருஷத்தில் எப்போதோ ஒருநாள், அப்பா தட்டை எடுத்துக்கொண்டு வந்து தனக்கு எதிரே உட்கார்ந்தது மட்டும் நினைவிருக்கிறது. நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கவும் இல்லை.

பாய் சொன்னது பொய்யென்றால், அப்பாவுக்குத் தன்னைப் பிடிக்காமல் போயிற்று. பதிமூன்று வயதில் சங்கரவேல் அப்படித்தான் முடிவு கட்டியிருந்தார். மெய்யென்றால், அப்பாவை வீட்டைவிட்டு ஓட்டியது தன் முகம்தான். எதை நம்பினாலும் ஒரு பக்கம் வலித்தது. ஆனாலும் அவர் மனசு மெய்யின் பக்கமே போய் நின்றது. அதனாலேயே அதை நம்பப் பயந்தார்.

அம்மா முகம் என்ற வார்த்தையும் அப்படிப்பட்டது. அம்மாவையும் பிள்ளையையும் பார்த்த எவரும் ஆறுதலுக்குக் கட்டிச் சொல்லிவிடலாம். அம்மாவைப் பார்க்காதவருக்கு அது வராது.

போன மாசம் பாய் வீட்டுக்குப் போனார். பாய்க்கு எழுபத்தொன்று. கொட்டகையை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

"என்ன மாப்ள, வண்டி ரிப்பேரா?"

"இல்ல மாமா."

"அப்போ இந்த வெயில்ல எதுக்கு வந்தீரு? ஜோசியம் பார்க்கவா?"

டீ வந்தது. சங்கரவேல் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அன்னைக்குச் சொன்னது நிஜமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டும் வந்தார். கேட்டால் பாய் நிஜம் என்பார். ஆறுதலுக்காக ஒருமுறை பொய் சொல்லியிருந்தால் இரண்டாம் முறையும் சொல்வார்.

பாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னமோ கேக்க வந்திருக்கீரு. கேளும்."

சங்கரவேல் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மாமா, நீங்க எங்கம்மாவைப் பார்த்திருக்கீங்களா?"